சூடேறாத சக்கரங்கள்

மார்வா சாதரின் வலது புறங்கையில் காசளவுக்கு ஒரு தழும்பு உண்டு. கேட்டால், "அது ஒயோமிங்" என்பாள். முதன்முதலாக டிரெய்லர் வீட்டை இழுத்துக்கொண்டு ஊரைவிட்டுக் கிளம்பிய வருஷம், ஒயோமிங்கில் ஏதோ ஒரு பெட்ரோல் பங்கில் இறங்கிச் சக்கரத்தின் நடுவே தொட்டுப் பார்த்தாளாம். புறங்கையால் தொட வேண்டும் என்று தெரியும். தொட்டவுடன் எடுத்துவிட வேண்டும் என்று தெரியாது. உள்ளே பேரிங் வெந்துபோயிருந்தது. இன்னும் கொஞ்சம் போயிருந்தால் சக்கரம் கழன்று தங்களை முந்திக்கொண்டு போயிருக்கும் என்று அவள் புருஷன் ஓரின் எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பார். மார்வா சிரிக்கமாட்டாள்.

அதிலிருந்து அது அவள் வேலையாகிவிட்டது. ஓரின் ஓட்டுவார், வண்டி நிற்கிற இடத்திலெல்லாம் மார்வா இறங்கி நாலு சக்கரத்தையும் தொடுவாள். அவர் பக்கக் கண்ணாடியில் பார்த்தபடி இருப்பார். அவள் ஏறி உட்கார்ந்து, "எல்லாம் வெதுவெதுப்பா இருக்கு" என்று சொன்ன பிறகுதான் கியரில் கை வைப்பார். கல்யாணத்தில் சொன்ன உறுதிமொழியைவிட இதைத்தான் அவர்கள் அதிகமுறை சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

நான் செலோ. அரிசோனாவில், மலையடிவாரத்தில் இருக்கும் இந்த டிரெய்லர் முகாமின் ஆபீஸும் சலவை அறையும் என் பொறுப்பு. மற்றவர்கள் வடக்கே பனி விழுமுன் ஓடிவந்து, இங்கே வெயில் ஏறுமுன் ஓடிப்போகிறவர்கள். நான் வெயிலோடு இங்கேயே கிடப்பவள். என் வீட்டுக்குச் சக்கரம் கிடையாது. அதனால்தானோ என்னவோ, சக்கரம் வைத்த வீட்டுக்காரர்கள் பண்ணுகிற கூத்தையெல்லாம் வேடிக்கை பார்க்க எனக்கு நேரம் இருக்கிறது.

மார்வா தெற்கு டகோட்டாவில் ஒரு பள்ளிக்கூடத்துச் சமையல்காரி. ஓரின் தானியக் கிடங்குகளில் இயந்திரம் பழுது பார்த்தவர். இரண்டு பேருக்கும் வேலை ஓய்ந்ததும் வீட்டை விற்று, அந்த டிரெய்லரை வாங்கினார்கள். கோடையில் மின்னசோட்டா ஏரிக்கரை, குளிர்காலத்தில் எங்கள் முகாம். போகிற வழியெல்லாம் அவர்கள் வீடு. மகள் கார்லீன் சூ ஃபால்ஸ் நகரத்தில் இருக்கிறாள். அவளுக்கு இந்த நாடோடிப் பிழைப்பு பிடிக்காது. தன் வீட்டுக்குப் பக்கத்திலேயே இரண்டு அறையில் ஒரு குடியிருப்பைப் பார்த்துவைத்து, தரைக்கம்பளத்தின் நிறம் உட்பட எழுதி அனுப்பிக்கொண்டிருந்தாள்.

முகாமில் ஓரினுக்கு ஒரு பதவி உண்டு. யாரும் கொடுத்ததல்ல, தானாக வந்தது. பாலோ வெர்டே மரம் மஞ்சளாகப் பூக்கத் தொடங்கினால், ஜனங்கள் கிளம்பும் காலம் வந்துவிட்டது என்று அர்த்தம். அப்போது ஓரின் ஒரு கையில் ஜாக்கி, ஒரு கையில் கிரீஸ் கன் என்று வரிசை வரிசையாகப் போவார். இந்த டிரெய்லர்களின் சக்கர நடுவில் ஒரு ரப்பர் மூடி இருக்கும். அதைக் கழற்றினால் கிரீஸ் ஏற்ற ஒரு சின்ன மூக்கு. அங்கே கன்னை மாட்டி அடித்தால், புதுக் கிரீஸ் அச்சுக்குள் போய், உள் பேரிங், வெளிப் பேரிங் எல்லாவற்றையும் நனைத்து, பழைய அழுக்கைத் தள்ளிக்கொண்டு முன்பக்கம் வந்துவிடும். சக்கரத்தைக் கழற்றவே வேண்டாம். கேட்க எவ்வளவு சுலபம்.

ஆனால் அடிக்கிறபோது சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிக்கொண்டே அடிக்க வேண்டும், மெதுவாக. சுற்றாமல் அவசரமாக அடித்தால், கிரீஸை உள்ளே அடைத்துவைக்கிற பின்பக்கத்து ஆயில் சீல் பிதுங்கி, கிரீஸ் பிரேக்குக்குள் இறங்கிவிடும். சக்கரத்தை அழுத்திப் பிடிக்கிற பிரேக் ஷூவில் கிரீஸ் ஏறினால் அது பிரேக்காக இருக்காது. வெண்ணெய் தடவிய கையால் குதிரையைப் பிடித்து நிறுத்துகிற கதைதான். ஓரின் இதைச் சொல்லாத நாளில்லை. "சுத்தாத சக்கரத்துக்கு கிரீஸ் அடிக்கறவன் கையை ஒடிக்கணும்" என்பார். காசு வாங்கமாட்டார். கூலி ஒரு பை, அதாவது உள்ளே பழம் வைத்துச் சுட்ட பலகாரம். செர்ரி போட்டது, ஆப்பிள் போட்டது, யார் எதைச் சுடுகிறார்களோ அது. அந்தப் பத்து நாளும் மார்வா வீட்டில் அடுப்பே மூட்டமாட்டாள்.

வெளியே தெரிந்த கதை இவ்வளவுதான். தெரியாத கதை ஒன்று இருந்தது. ஓரினுக்கு ஞாபகம் நழுவிக்கொண்டிருந்தது.

மார்வா அதைத் திறமையாக மறைத்தாள். எதிரே ஆள் வந்தால் இவள் முந்திக்கொண்டு, "அடடே, வாங்க டெல்மர்!" என்று ஊருக்கே கேட்கிறமாதிரி கூப்பிடுவாள். பெயர் காதில் விழுந்ததும் ஓரினும், "என்ன டெல்மர், முட்டி எப்படி இருக்கு?" என்பார். வண்டியில் போகும்போது வழி சொல்லமாட்டாள், இயற்கையை ரசிப்பாள். "அந்தத் தண்ணித் தொட்டிகிட்ட வலதுபக்கம் திரும்பினா மலை எவ்வளவு அழகாத் தெரியும் பாரு!" அவரும் திரும்புவார். சீட்டாட்டத்தில் அவள்தான் அவருக்குக் கூட்டாளி. வேறு யாரையும் அந்த நாற்காலியில் உட்கார விடமாட்டாள். இதெல்லாம் பிற்பாடு அவளே சொல்லி நான் தெரிந்துகொண்டது. அப்போது எனக்கு, என்னடா இந்தக் கிழவி புருஷனை இப்படி ஒட்டிக்கொண்டு திரிகிறாள் என்றுதான் இருந்தது.

மறைத்ததற்குக் காரணம் உண்டு. கார்லீன் ஒருமுறை ஃபோனில், "ஒரே ஒரு தடவ ஏதாவது ஆச்சுன்னா வந்து சாவிய வாங்கிடுவேன்மா" என்று சொல்லியிருக்கிறாள். மார்வாவுக்கு டிரெய்லர் இழுத்து ஓட்டத் தெரியாது. ஓரின் ஓட்டவில்லை என்றால் அந்த வீடு நின்றுவிடும். அப்புறம் சூ ஃபால்ஸ், இரண்டு அறை, தரைக்கம்பளம். அங்கே கொண்டுபோய் உட்காரவைத்தால் ஆறு மாதத்தில் அவர் தன் பெயரையும் மறந்துவிடுவார் என்று மார்வா நம்பினாள். ஓட்டும்போது அவருக்கு எதுவும் மறக்கவில்லை. கிரீஸ் கன் கையில் இருக்கும்போது மறக்கவில்லை. அப்படித்தான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

இந்த வசந்தத்திலும் ஓரின் ஜாக்கியோடு கிளம்பினார். பைகள் வந்தன. முகாம் மெல்லக் கலையத் தொடங்கியது.

அன்று காலையில் முதலில் கிளம்பியது ஹோலிஸும் ஜூனியும். டெல்மர் குடியிருக்கும் வரிசையில் கடைசி வீட்டுக்காரர்கள். காலைச் சாப்பாடு முடித்து, என்னிடம் முகாம் சாவியைக் கொடுத்து, ஜூனி என்னைக் கட்டிக்கொண்டு கொஞ்சம் அழுதுவிட்டுப் போனாள். ஒவ்வொரு வருஷமும் அழுவாள். சால்ட் ரிவர் பள்ளத்தாக்கு வழியாக ஷோ லோ என்ற ஊருக்குப் போய், அங்கிருந்து கொலராடோ. அந்தப் பள்ளத்தாக்கு ரோடு தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டாம். வளைந்து வளைந்து ஆற்றுமட்டம் வரை இறங்கி, மறுபடி ஏறும்.

அதே காலையில் ஓரினும் மார்வாவும் டிரெய்லரை மாட்டிக்கொண்டு டவுனில் இருக்கும் லாரி எடைமேடைக்குப் போனார்கள். நீண்ட பயணத்துக்குமுன் எடை பார்ப்பது அவர்கள் வழக்கம். போகிற வழியில் சிக்னலில் நிற்கும்போதெல்லாம் டிரெய்லர் பின்னாலிருந்து உந்தியிருக்கிறது.

"பிரேக் இன்னிக்கு கொஞ்சம் சோம்பேறியா இருக்கு" என்று சொல்லி ஓரின், டிரெய்லர் பிரேக்கைக் கூட்டுகிற திருகைக் கொஞ்சம் திருப்பினாராம். அடுத்த சிக்னலில் இன்னும் கொஞ்சம்.

எடைமேடையில் மார்வா இறங்கித் தொட்டாள். வலதுபக்கம் இரண்டும் வழக்கம்போல வெதுவெதுப்பு. இடதுபக்கம் வந்து தொட்டாள். சில்லென்றிருந்தது. அடுத்ததையும் தொட்டாள். அதுவும் சில்.

சூடான சக்கரத்துக்குப் பயப்படத்தான் எல்லாருக்கும் தெரியும். சில்லென்ற சக்கரத்தை யாரும் கவனிப்பதில்லை. ஆனால் அத்தனை சிக்னலில் நின்று வந்த வண்டியில் ஒரு சக்கரம் சில்லென்றிருந்தால், அது பிரேக் பிடிக்கவே இல்லை என்று அர்த்தம். மார்வா குனிந்து டயருக்கு உள்பக்கம் பார்த்தாள். மேலிருந்து கீழாக, கறுப்பாக, ஈரமாக ஒரு கோடு. விரலால் தொட்டு முகர்ந்தாள். கிரீஸ்.

போன வாரம் அவள் என் சலவை அறையில் துணி துவைத்துவிட்டுத் திரும்பிப் போனபோது ஓரின் தங்கள் டிரெய்லர் சக்கரத்தருகே மண்டியிட்டு உட்கார்ந்திருந்தாராம். பக்கத்தில் ஜாக்கி இல்லை. ஏதோ துடைத்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்து உள்ளே போய்விட்டாள். அது இப்போது ஞாபகம் வந்தது.

கண்ணாடியில் ஓரின் பார்த்துக்கொண்டிருந்தார். மார்வா ஏறி உட்கார்ந்தாள்.

"எல்லாம் வெதுவெதுப்பா இருக்கு" என்றாள். அந்த வார்த்தையைப் பொய்யாகச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அங்கிருந்து மேட்டுப்பாங்கான வழி, மெதுவாகவே வந்தார்கள். ஓரின் மதியம் தூங்கப் போனதும் மார்வா நேரே என் சலவை அறைக்கு வந்தாள். டெல்மர் அங்கே படுக்கை விரிப்பை மடிக்கத் தெரியாமல் மடித்துக்கொண்டிருந்தார். பெண்டாட்டி போன பிறகு மூன்று வருஷமாக மடிக்கிறார், இன்னும் வரவில்லை.

"செலோ, கிரீஸ் போற சோப்பு இருக்கா?"

"இருக்கே. நீ எப்பலேர்ந்து மெக்கானிக் ஆன?"

அவள் விரல் விரலாகத் தேய்த்துக் கழுவினாள். பிறகு சாதாரணமாகக் கேட்கிறமாதிரி, "ஓரின் எப்ப கிரீஸ் அடிச்சு முடிச்சார்னு ஞாபகம் இருக்கா உங்களுக்கு?" என்றாள்.

டெல்மர் விரிப்போடு மல்லுக்கட்டியபடியே, "எதைக் கேக்கற? மொத சுத்தையா, ரெண்டாவது சுத்தையா?" என்றார்.

குழாய் ஓடிக்கொண்டிருந்தது. மார்வா அதை மூடினாள்.

"ரெண்டாவது சுத்தா?"

டெல்மரின் காது சிவந்துவிட்டது. "இல்ல... எங்க வரிசைக்கு மறுபடி ஒரு தடவ வந்தார். போன வாரம். அதனால என்ன, கிரீஸ் கூடத்தானே இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

"சக்கரத்தச் சுத்தினாரா டெல்மர்?"

"எப்ப?"

"ரெண்டாவது தடவ. ஜாக்கி போட்டுத் தூக்கிச் சுத்தினாரா?"

டெல்மர் விரிப்பைக் கீழே வைத்தார். "ஜாக்கியே எடுத்துட்டு வரல. மூடியக் கழட்டினார், கன்ன மாட்டினார், தண்ணி பம்பு அடிக்கற மாதிரி அடிச்சுத் தள்ளினார். எனக்கும் ஒரு மாதிரியாத்தான் இருந்துது."

"ஒரு மாதிரியா இருந்தா வாயத் தொறந்து சொல்றதுக்கு என்ன கேடு?" என்றேன் நான்.

"எப்படி சொல்றது செலோ? நீ அவரு மூஞ்சிய பாக்கல. பாட்டுப் பாடிட்டு அடிக்கறாரு மனுஷன். அத போய் எப்படி... நான் பை வேற குடுத்தேன்."

"ரெண்டாவது பையா?"

"ரெண்டாவது பை" என்று ஒப்புக்கொண்டார்.

மார்வாவின் முகத்தில் ரத்தமே இல்லை. "யார் யாருக்கு அடிச்சார்?"

"எங்க வரிசை முழுக்க. எனக்கு, பக்கத்து வீட்டுக்கு, ஹோலிஸுக்கு..."

பெயரைச் சொல்லும்போதே அவருக்கும் உறைத்துவிட்டது. மூன்று பேரும் ஜன்னல் வழியே ஹோலிஸின் காலி இடத்தைப் பார்த்தோம். நான் ஃபோனை எடுத்தேன். மணி அடிக்கவே இல்லை. பள்ளத்தாக்கில் சிக்னல் கிடையாது. அப்படியானால் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டார்கள், அல்லது நெருங்கிவிட்டார்கள்.

டெல்மர் சாவியைத் தேடியபடி எழுந்தார். வாசல்வரை போனவர் திரும்பி வந்து மார்வாவிடம் தணிந்த குரலில் சொன்னார்:

"நான் ஒண்ணு சொல்லட்டா? ஆயில் சீல் மட்டமான சரக்குன்னு சொல்லிக்கலாம். ஓரின் பேரே வர வேண்டாம். யாருக்கும் தெரிய வேண்டாம். என்ன?"

அந்த ஒரு நிமிஷம் நான் மார்வாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். சரி என்று தலையசைத்தால் போதும். சாவி ஓரின் கையிலேயே இருக்கும், கார்லீனுக்குத் தெரியாது, வீடு ஓடிக்கொண்டிருக்கும். அவள் கை, ஒயோமிங் தழும்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தது.

"அப்ப அடுத்த வருஷமும் கிரீஸ் கன்னத் தூக்கிட்டு வருவார்" என்றாள். "நீங்க போங்க டெல்மர். வேகமாப் போங்க. அவங்களப் பிடிச்சா உள்ளதச் சொல்லுங்க."

டெல்மர் போனதும் அவள் ஒவ்வொரு கதவாகத் தட்டி, யாரும் டிரெய்லரை எடுக்கக்கூடாது என்று சொல்லிக்கொண்டு போனாள். நானும் கூடவே போனேன். பாதி முகாம் மதியத்தூக்கத்திலிருந்து எழுந்து கொட்டாவி விட்டபடி கேட்டது. மாலையில் வழக்கம்போல அவரவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து வட்டமாக உட்கார்ந்தார்கள். சாதாரணமாக அந்த வட்டத்தில் யாருடைய அறுவை சிகிச்சை பெரியது என்றுதான் போட்டி நடக்கும். அன்றைக்கு மார்வா நாற்காலி கொண்டுவரவில்லை. நடுவில் நின்றாள்.

"ஓரினுக்கு ஞாபகம் போயிட்டு இருக்கு" என்றாள். "ரெண்டு குளிர்காலமா. நான் மறைச்சேன். ஒரே சக்கரத்துக்கு ரெண்டு தடவ கிரீஸ் அடிச்சிருக்கார். உங்க பிரேக்ல கிரீஸ் இறங்கியிருக்கும். எல்லாத்தையும் கழட்டிப் பாக்கணும்."

அவள் எதிர்பார்த்தது அதிர்ச்சியை. வந்தது அதுவல்ல. ஒரு அம்மாள் எழுந்துவந்து அவள் தோளைத் தொட்டு, "எங்களுக்குத் தெரியும் கண்ணு" என்றாள்.

"என்ன தெரியும்?"

"ஓரின் விஷயம். போன வருஷமே தெரியும். நீ பேரச் சத்தமா சொல்லிக் கூப்பிடுவியே, நாங்களும் உனக்கு ஒத்தாசையா ஒருத்தர ஒருத்தர் பேர் சொல்லியே கூப்பிட்டுக்குவோம்."

வட்டம் முழுக்கத் தலையாட்டியது. எல்லாரும் கனிவாகப் பார்த்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த ஜனங்களின் நல்ல மனசு இருக்கிறதே, அதைப்போல ஆபத்தான சாமான் இந்த முகாமில் வேறு எதுவும் இல்லை. கேஸ் சிலிண்டர்கூட அதற்கு அடுத்ததுதான்.

"தெரிஞ்சும் எதுக்கு சக்கரத்தக் காட்டினீங்க?" என்றாள் மார்வா. குரல் உடைந்துவிட்டது. "தெரிஞ்சும் எதுக்கு பை குடுத்தீங்க?"

"அவரு சந்தோஷப்படறாரேன்னுதான்..."

"எங்கிட்ட வந்து சொல்லியிருக்கலாமே?"

"நீ கஷ்டப்படுவியேன்னு..."

மார்வா அங்கேயே, மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். இரண்டு வருஷம் ஒற்றையாளாகத் திரை பிடித்துக்கொண்டிருந்தவளுக்கு, திரைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஊரே நின்று பார்த்துக்கொண்டிருந்தது என்று தெரிந்தால் எப்படி இருக்கும்? அவமானமா, ஆத்திரமா, எது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். வேறு என்ன செய்ய முடியும்.

அப்போதுதான் டெல்மர் ஃபோனில் கூப்பிட்டார்.

ஹோலிஸ் இறக்கத்தில் பாதி போனபோதே டிரெய்லர் பின்னாலிருந்து தள்ள ஆரம்பித்திருக்கிறது. தாழ்ந்த கியரில் போட்டும் அடங்கவில்லை. இழுத்துப்போன வண்டியின் பிரேக்கே மொத்தச் சுமையையும் தாங்கிப் புகைந்து, பிறகு அதுவும் பிடிக்காமல் போனது. அடுத்த வளைவில் ஒருபக்கம் அதலபாதாளம், ஒருபக்கம் வெட்டிய பாறை. ஹோலிஸ் பாறைப் பக்கம் திருப்பி, டிரெய்லரை அதில் உரசியே நிறுத்தியிருக்கிறார். டிரெய்லர் ஒருபக்கம் முழுவதும் பிளந்து, ஜூனியின் தட்டும் துணியும் ரோடெல்லாம் இறைந்து கிடந்ததாம். ஹோலிஸுக்கு ஒன்றுமில்லை. ஜூனிக்குக் காறை எலும்பு முறிந்திருந்தது. குளோப் ஊர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள்.

"உயிரோட இருக்கா" என்றார் டெல்மர். "ஓரின்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, மனுஷன் ஒடஞ்சிடுவார்னு சொல்றா."

நான் ஃபோனை மார்வாவிடம் நீட்டினேன். அவள் ஜூனியிடம் கொடுக்கச் சொல்லி, அழுது, மன்னிப்புக் கேட்டு, கடைசியில், "இல்ல ஜூனி. சொல்லுவேன்" என்றாள். அன்றைக்கே கார்லீனையும் கூப்பிட்டுவிட்டாள்.

மறுநாள் காலையில் என் சலவை அறைக்கு வெளியே கூரை நிழலில் டெல்மரின் டிரெய்லரைத் தூக்கி நிறுத்தி, இடதுபக்கச் சக்கரத்தைக் கழற்றினார்கள். முன்மூடியைத் தட்டி எடுத்து, நட்டைப் பூட்டுகிற பின்னை நிமிர்த்தி இழுத்து, நட்டைக் கழற்றி, வெளிப் பேரிங்கைத் துணியில் வைத்து, பிரேக் டிரம்மை இழுத்தார்கள். பலாப்பழம் கனம். உள்ளே பார்க்கச் சகிக்கவில்லை. கிரீஸ் கட்டி கட்டியாக வழிந்து, பிரேக் ஷூ இரண்டும் ஊறிப்போயிருந்தன. ஊறின ஷூவைக் கழுவிப் பயனில்லை, தூக்கிப் போட வேண்டியதுதான்.

சத்தம் கேட்டு ஓரின் வந்தார். குளித்து, சட்டையை உள்ளே விட்டு, உற்சாகமாக வந்தார். கூட்டத்தை விலக்கிக் குனிந்து பார்த்தவர் முகம் மாறிவிட்டது. பேரிங்கை எடுத்துத் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துச் சுற்றினார். அந்த விரல்களுக்கு எதுவும் மறந்திருக்கவில்லை.

"பேரிங் தங்கமா இருக்கு. சூட்டுல நீலம் பாரிக்கல, சொரசொரப்பு இல்ல" என்றார். பிறகு டிரம்மின் பின்பக்கத்தைத் தடவினார். "சீல் பிதுங்கிப் போச்சு. ஏற்கெனவே ரொம்பியிருந்ததுல மறுபடி அடிச்சிருக்கான். அதுவும் சக்கரத்தச் சுத்தாம. எந்த மடையன்டா இதப் பண்ணது?"

ஒருவர் தொப்பியைக் கழற்றித் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

"கேக்கறேன்ல. எவன் பண்ணது?"

டெல்மர் தொண்டையைச் செருமினார். "அது வந்து ஓரின்... டவுன்ல ஒரு கடையில..."

"நீதான் ஓரின்" என்றாள் மார்வா.

அவர் சிரித்தார். "போ கிழவி." சிரித்தபடியே சுற்றிப் பார்த்தார். கூடச் சிரிக்க யாருமில்லை. டெல்மரைப் பார்த்தார். டெல்மர் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நானா?"

"நீதான். ரெண்டு தடவ அடிச்ச. மொத தடவ சரியா அடிச்ச. அத மறந்துட்டு மறுபடி வந்த. ஜாக்கி இல்லாம வந்த." அவள் நிறுத்தவில்லை. பள்ளத்தாக்கு, பாறை, ஜூனியின் எலும்பு, எல்லாவற்றையும் சொன்னாள். குரல் நடுங்கவில்லை.

ஓரின் பேரிங்கைத் துணியின்மேல் மெதுவாக வைத்தார். மண் ஒட்டாமல் இருக்கத் துணியின் ஒரு முனையை எடுத்து மூடினார். பிறகு நிமிர்ந்தார்.

"நான் ரெண்டாவது தடவ வந்தப்ப நீ வெளிய உக்காந்திருந்த இல்ல டெல்மர்?"

"ஆமா."

"பாத்துட்டுத்தான் இருந்த?"

"ஆமா ஓரின்."

"நான் ஜூனியக் கொல்லப் பாத்திருக்கேன். நீ எனக்கு பை குடுத்திருக்க."

டெல்மர் அழுதுவிட்டார். ஓரின் அவரைத் தேற்றவில்லை. சட்டைப்பையிலிருந்து வண்டிச் சாவியை எடுத்து மார்வாவின் உள்ளங்கையில் வைத்து, அவள் விரல்களைத் தானே மடக்கிவிட்டு, தன் டிரெய்லரைப் பார்க்க நடந்தார். பாதிவழியில் நின்று எந்தப் பக்கம் என்று யோசித்தார். யாரோ உதவிக்குப் போகப் பார்த்தார்கள். மார்வா போய்க் கையைப் பிடித்து, "இந்தப் பக்கம்" என்றாள். மலை அழகையெல்லாம் இழுக்கவில்லை.

கதை அத்தோடு முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். மனுஷருக்குத் தெரிந்துவிட்டது, வலித்தது, சாவியைக் கொடுத்துவிட்டார். கார்லீன் வந்து மற்றதைப் பார்த்துக்கொள்வாள்.

அடுத்த நாள் காலை சலவை அறையைத் திறந்துகொண்டிருந்தேன். பின்னால் சீட்டியடிக்கிற சத்தம். ஓரின். சட்டையை உள்ளே விட்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பு.

"செலோ, என் கிரீஸ் கன்னப் பாத்தியா? வெச்ச எடத்துல காணோம். ஜனங்க கெளம்பற நேரம். ஒரு சுத்து சுத்திட்டு வந்துடறேன்."

ஊரையெல்லாம் ஏசிய வாய் என்னுடையது. டெல்மரை நிற்கவைத்துக் கேட்ட வாய். அந்த முகத்தைப் பார்த்ததும் யாரோ இரவல் வாங்கிப் போயிருக்கிறார்கள், சாயங்காலம் வரும் என்று சொல்லிவிடலாம் போல இருந்தது. அது எவ்வளவு சுலபமாக வாய்வரை வருகிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

மார்வா என் பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. இரவெல்லாம் தூங்காத முகம்.

"உக்காரு ஓரின்" என்றாள். அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். அவள் எதிரே உட்கார்ந்து அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "ஜூனிக்குக் காறை எலும்பு ஒடஞ்சிருக்கு. உன்னாலதான்."

முதலிலிருந்து ஆரம்பித்தாள். இரண்டு சுற்று, ஜாக்கி இல்லாதது, சில்லென்ற சக்கரம், பாறை. நேற்று பார்த்த அதே முகம் நேற்றுபோலவே கொஞ்சம் கொஞ்சமாக இடிந்ததை நான் மறுபடி நின்று பார்த்தேன்.

"எனக்கு யாருமே சொல்லலையே மார்வா" என்றார்.

"நேத்து சொன்னேன்."

"நேத்தா?"

"ஆமா. நாளைக்குக் கேட்டாலும் சொல்லுவேன்."

அவர் குனிந்து வெகுநேரம் அழுதார். அவள் கையை விடவில்லை. பிறகு அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கெளம்பறதுக்கு முன்னால சக்கரத்தத் தொட்டுப் பாத்தியா?" என்று கேட்டார்.

"பாத்தேன்" என்றாள் மார்வா. "ரெண்டு சில்லுன்னு இருக்கு. நாம எங்கயும் போகல."